லண்டனில் ஹாண்டல் குடியிருந்த வீடு: போகுமுன் பலரும் கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் லண்டனுக்கு வந்தாலும் புரூக் தெருவுக்கு ஒரு நடை கூட்டிப்போய்விடுவது என் வழக்கம். அரண்மனை, தேம்ஸ் பாலம், பெரிய கடிகாரம் எல்லாம் பார்த்து முடித்து, கால் வலிக்கிறது என்று அவர்கள் சொல்லும் நேரத்தில், இன்னும் ஒரே ஒரு வீடு, அவ்வளவுதான் என்று சொல்லி இழுத்துப்போவேன். வழியெல்லாம் அதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

முதலில், இந்த ஹாண்டல் யார்?

ஜார்ஜ் ஃப்ரிடெரிக் ஹாண்டல். 1685 பிப்ரவரி 23 அன்று ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் பிறந்தவர். பரோக் காலம் (சுமாராக 1600 முதல் 1750 வரை) என்று சொல்கிறோமே, அந்தக் காலத்து இசையமைப்பாளர்களில் பாக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பேசப்படுகிறவர். பாக் பிறந்ததும் அதே வருடம், ஒரு மாதம்கூடத் தள்ளியில்லை, ஊரும் பெரிய தூரமில்லை, ஆனால் இருவரும் கடைசிவரை ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே கிடையாது. அப்பா நாவிதரும் அறுவை வைத்தியருமாக இருந்தவர் (அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே தொழில்). மகன் வக்கீலாக வேண்டும் என்று ஆசைப்பட்டார், நடக்கவில்லை.

தமிழ்நாட்டில் சர்ச் பாடகர் குழுவில் நின்று பாடியவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்தவே வேண்டாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் தொண்டை வறள ஒத்திகை பார்த்த அந்த அல்லேலூயா கோரஸ் இவருடையதுதான். கால்பந்து பார்க்கிறவர்களுக்கும் ஒரு அறிமுகம் உண்டு. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்கு முன்னால் வீரர்கள் வரிசையாக நிற்கும்போது ஒலிக்கிற பாட்டு, இவர் 1727இல் எழுதிய முடிசூட்டுப் பாடல் ஒன்றை வைத்து 1992இல் உருவாக்கியது.

ஜெர்மன்காரருக்கு லண்டனில் ஏன் அருங்காட்சியகம்?

ஏனென்றால் அவர் வாழ்ந்ததும் சம்பாதித்ததும் நொடித்ததும் மறுபடி எழுந்ததும் இங்கேதான். ஹாம்பர்க்கில் கொஞ்ச காலம், பிறகு இத்தாலியில் நாலு வருடம் பழகிவிட்டு, 1710இன் கடைசியில் லண்டன் வந்தார். 1711 பிப்ரவரி 24இல் ஹேமார்க்கெட்டில் இருந்த அரங்கில் அவருடைய ‘ரினால்டோ’ ஓப்பரா (முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம்) மேடை ஏறியது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. அப்போது அவருக்கு 26 வயது.

அந்த நேரத்தில் அவர் உண்மையில் ஹனோவர் இளவரசரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு லண்டன் வந்தவர் திரும்பிப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். 1714இல் பார்த்தால், அதே ஹனோவர் இளவரசர்தான் முதலாம் ஜார்ஜ் என்ற பெயரில் இங்கிலாந்துக்கே ராஜாவாக வந்து இறங்குகிறார்! ராஜாவின் கோபத்தைத் தணிக்கத்தான் ஹாண்டல் தேம்ஸ் ஆற்றில் ‘வாட்டர் மியூசிக்’ வாசித்தார் என்று ஒரு கதை உண்டு, வழிகாட்டிகள் இன்னும் சொல்வார்கள். கதை அழகுதான், ஆனால் நிற்காது. ராஜா வந்த அதே 1714 செப்டம்பரில் ஹாண்டலின் இசை அவர் முன்னால் பாடப்பட்டிருக்கிறது, முன்பு ஆண்ட ஆன் ராணி ஹாண்டலுக்குக் கொடுத்துவந்த வருடத்துக்கு 200 பவுண்டு உதவித்தொகையைப் புது ராஜா இரட்டிப்பாகவும் ஆக்கினார். ஆற்றுக் கச்சேரி நடந்ததோ 1717 ஜூலை 17. ராஜாவின் படகுக்குப் பக்கத்தில் இன்னொரு படகில் சுமார் 50 பேர் வாசிக்க, வைட்ஹாலில் இருந்து செல்சி வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள். ராஜாவுக்குப் பிடித்துப்போய் மொத்தம் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

1727 பிப்ரவரியில் பாராளுமன்றச் சட்டம் மூலம் ஹாண்டல் பிரிட்டிஷ் குடிமகனானார். ஹேண்டெல் என்று ஜெர்மன் உச்சரிப்பில் இருந்த பெயர் தலைமேல் இருந்த இரண்டு புள்ளிகளை இழந்து ஹாண்டல் ஆனது.

அது அவர் சொந்த வீடா?

இல்லை. இந்த வீட்டைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். 1723 கோடையில் புது வீடாக இருந்தபோதே முதல் ஆளாகக் குடிவந்தார். வெளிநாட்டவர் என்பதால் வீடு வாங்கவோ நீண்ட குத்தகை எடுக்கவோ அப்போது சட்டம் இடம் தரவில்லை. நாலு வருடத்தில் குடியுரிமை வந்தும் அவர் வாங்கவில்லை, வேறு வீட்டுக்கும் போகவில்லை. 1759இல் இறக்கும்வரை 36 வருடம் வாடகைக்கே இருந்தார். ஒரு ஊரை இவ்வளவு சொந்தமாக்கிக்கொண்டவர் அந்த ஊரில் ஒரு சுவர்கூடத் தன் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை என்பதை, லண்டனில் வாடகை கட்டி வாழும் நான் ஒவ்வொரு முறை அந்த வாசலைத் தாண்டும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

வீடும் அரண்மனை மாதிரியெல்லாம் இருக்காது. மேஃபேரில் அந்தக் காலத்தில் எழும்பிய செங்கல் வரிசை வீடுகளில் ஒன்று. குறுகலாக, உயரமாக இருக்கும். நிலத்துக்குக் கீழே சமையலறை, தரைத்தளத்தில் வந்தவரை உட்காரவைக்கும் கூடம், முதல் மாடியில் இசை, இரண்டாம் மாடியில் படுக்கை, அதற்கும் மேலே வேலைக்காரர்கள்.

உள்ளே இருப்பதெல்லாம் அவர் உபயோகித்த சாமான்கள்தானா?

பெரும்பாலும் இல்லை, அதை முதலிலேயே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. ஏறிப்போகும் மரப் படிக்கட்டு அவர் காலத்தது. கட்டில், நாற்காலி, திரை எல்லாம் அந்தக் காலத்து முறைப்படி செய்தோ தேடிப்பிடித்தோ வைத்தவை.

ஆனால் ஊகித்து வைக்கவில்லை. ஹாண்டல் இறந்த சில மாதங்களில், 1759 ஆகஸ்டில், வீட்டில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் அறை அறையாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அவரிடம் வேலை பார்த்த ஜான் டு பர்க் என்பவர் எல்லாவற்றையும் சேர்த்து 48 பவுண்டுக்கு எடுத்துக்கொண்டார், அதற்காக எழுதிய பட்டியல் அது. எந்த அறையில் என்ன இருந்தது, கட்டில் திரை என்ன நிறம், அடுப்படியில் என்னென்ன பாத்திரம் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிவது அந்தக் காகிதத்தால்தான். கட்டிலைச் சுற்றித் தொங்கும் சிவப்புத் திரை அப்படி வந்ததுதான். பாட்டெல்லாம் பத்திரமாக இருக்கிறது, பாட்டு எழுதியவர் எப்படித் தூங்கினார் என்று சொல்வதற்கு மட்டும் ஒரு பழைய சாமான் கணக்கு வேண்டியிருக்கிறது.

சுவர்ப் பலகைகளுக்கு ஈயச் சாம்பல் வண்ணம் அடித்திருப்பார்கள். முதல் தடவை பார்க்கும்போது சோகையாகத் தெரியும், கொஞ்ச நேரம் நின்றால் பழகிவிடும். அந்தச் சாம்பலின் மேல் படங்கள் மாட்டியிருப்பதைப் பார்க்கும்போது காரணம் புரியும். ஹாண்டல் ஓவியம் வாங்குவதில் பைத்தியம் பிடித்தவர், சுமார் 80 ஓவியங்கள் இந்தச் சின்ன வீட்டில் வைத்திருந்தார், அச்சுப் படங்கள் தனி.

ஒரே ஒரு அறையைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது?

முதல் மாடியில் பின்பக்கம் இருக்கிற எழுதும் அறை. யோசிக்கவே வேண்டாம். முன்பக்கம் பெரிய அறை, அதில் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) வைத்து ஒத்திகை. பின்னால் கதவைத் தாண்டினால் சின்ன அறை, நாலைந்து பேர் நின்றாலே நெருக்கமாகத் தெரியும். அல்லேலூயா கோரஸ் வருகிற ‘மெசையா’ என்ற பெரிய பக்தி இசைப் படைப்பு இங்கேதான் எழுதப்பட்டது.

1741 ஆகஸ்ட் 22 அன்று ஆரம்பித்தார். முதல் பகுதி 28ஆம் தேதி முடிந்தது, இரண்டாம் பகுதி செப்டம்பர் 6, மூன்றாம் பகுதி 12. வாத்தியங்களுக்கான வரிகளை நிரப்பி முடித்தது 14ஆம் தேதி. ஆக 24 நாட்கள், 250 பக்கத்துக்கு மேல். இந்தத் தேதிகளெல்லாம் எப்படித் தெரியும் என்றால் கைப்பிரதியில் அவரே போட்டு வைத்திருக்கிறார். அதில் ஒரு சின்ன விஷயம் நமக்கென்றே இருப்பதுபோலத் தோன்றும். அவர் கிழமையை எழுத்தில் எழுதுவதில்லை, கிரகக் குறி போடுவார். ஆகஸ்ட் 22க்கு முன்னால் சனி கிரகத்தின் குறி இருக்கும், முடித்த செப்டம்பர் 14க்கு நிலாக் குறி. சனிக்கிழமை ஆரம்பித்துத் திங்கட்கிழமை முடித்திருக்கிறார். இங்கே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. நாம்தான் தினமும் சனி, ஞாயிறு, திங்கள் என்று வானத்தைப் பார்த்தே கிழமை சொல்கிறவர்களாயிற்றே, நமக்கு விளக்கம் எதற்கு?

24 நாளில் இவ்வளவும் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். தெய்வ அருள் வந்து எழுதினார், தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது என்றெல்லாம் பிற்காலத்தில் சொன்னார்கள். எனக்கு அதைவிட உண்மையே பெரிதாகத் தெரிகிறது. அவர் எப்போதுமே வேகமாக எழுதுகிறவர். மெசையாவை முடித்ததும் ஓய்வெடுக்காமல் ‘சாம்சன்’ என்ற அடுத்த பெரிய படைப்பைத் தொடங்கி அக்டோபர் 29இல் அதன் முதல் வடிவத்தையும் முடித்துவிட்டார். தவிர, ஏற்கனவே எழுதியதை எடுத்து வேறு இடத்தில் பயன்படுத்துவதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. ‘நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்’ என்ற கோரஸின் மெட்டு அதே ஜூலையில் அவர் எழுதிய ஓர் இத்தாலியக் காதல் பாட்டில் இருந்து வந்தது. 56 வயதில், நாலு வருடத்துக்கு முன்னால்தான் பக்கவாதம் வந்து வலது கையே செயலிழந்து தேறியவர், கடைசி ஓப்பராவும் ஓடாமல் போன வருடத்தில், இந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து விடாமல் வேலை செய்தார். அதற்குமேல் அற்புதம் எதுவும் வேண்டாம்.

அந்தக் கைப்பிரதி வீட்டில் இருக்கிறதா?

இல்லை, பிரிட்டிஷ் நூலகத்தில். ராஜ குடும்பத்திடம் இருந்த ஹாண்டல் கைப்பிரதிகளை எல்லாம் எலிசபெத் ராணி 1957இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார், அதன் நூலகம்தான் பின்னால் பிரிட்டிஷ் நூலகத்தில் சேர்ந்தது.

அல்லேலூயா பாடும்போது ராஜா எழுந்து நின்றாராமே?

அதனால்தான் இன்றைக்கும் எல்லோரும் எழுந்து நிற்கிறோம் என்று சொல்வார்கள். ஆனால் இரண்டாம் ஜார்ஜ் அந்தக் கச்சேரிக்கு வந்தார் என்பதற்கே அந்தக் காலத்து ஆதாரம் ஒன்றும் இல்லை. கதை முதலில் எழுத்தில் வருவது 1780இல், ஒருவர் எழுதிய கடிதத்தில், அதாவது நடந்ததாகச் சொல்லப்படுவதற்குக் கிட்டத்தட்ட 40 வருடம் கழித்து. நிற்பதில் தவறொன்றும் இல்லை, நானும் நிற்கிறேன்.

மெசையாவின் முதல் கச்சேரியே லண்டனில் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1742 ஏப்ரல் 13, டப்ளினில். சுமார் 700 பேர் வந்தார்கள். நெருக்கி உட்கார இடம் வேண்டும் என்பதற்காகப் பெண்கள் பாவாடைக்குள் வளையம் கட்டாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரவேண்டும் என்று முன்பே கேட்டுக்கொண்டார்கள். வசூல் தர்மத்துக்குப் போனது. கடன் கட்ட முடியாமல் சிறையில் கிடந்த 142 பேர் அந்தப் பணத்தால் வெளியே வந்தார்கள்.

பாடகியை ஜன்னல் வழியாகத் தூக்கி எறியப்போனது இந்த வீட்டில்தானா?

ஃபிரான்செஸ்கா குட்ஸோனி என்ற புகழ்பெற்ற பாடகி, தனக்குக் கொடுத்த பாட்டு ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, பாடமாட்டேன் என்றாராம். ஹாண்டல் அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவேன் என்று மிரட்டினாராம். ஒத்திகை அறையில் நிற்கும் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பாட்டு வந்த ‘ஒட்டோனே’ மேடை ஏறியது 1723 ஜனவரியில். வீட்டுக்கு அவர் வந்தது அந்த வருடக் கோடையில். ஆகவே சம்பவம் நடந்திருந்தால் வேறு ஜன்னல்.

இந்த அறையில் நிச்சயமாக நடந்த ஒன்று உண்டு. 1735 ஏப்ரலில், பக்கத்தில் குடியிருந்த சிநேகிதி மேரி பெண்டார்வஸ் ‘அல்சினா’ ஓப்பராவின் ஒத்திகையைக் கேட்க இங்கே வந்தார். அல்சினா ஒரு மந்திரக்காரியின் கதை. ஹாண்டல் வாசித்துக்கொண்டிருந்தபோது அவரே தன் மாயங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் மந்திரவாதிபோலத் தெரிந்தார் என்று அந்தப் பெண்மணி கடிதத்தில் எழுதினார். நூற்றுக்கணக்கானோர் அமரும் அரங்கத்துக்கு எழுதிய இசையை ஒரு வீட்டு அறையில், கையெட்டும் தூரத்தில் கேட்டிருக்கிறார்கள்! இன்றும் இளம் கலைஞர்கள் அந்த அறையில் வந்து பயிற்சி செய்வதுண்டு. நான் போன ஒரு மழை நாளில் ஒரு பெண் ஹார்ப்சிகார்டில் ஒரே நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார், ஒரு இடத்தில் விரல் சறுக்கும், நிறுத்துவார், மறுபடி. கச்சேரியைவிட அது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மேற்கத்திய சாஸ்திரிய இசை எனக்குச் சுத்தமாகத் தெரியாது. போகலாமா?

தாராளமாகப் போகலாம். போகுமுன் வீட்டில் உட்கார்ந்து மூன்று பாட்டு மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒன்று, ரினால்டோவில் வரும் ‘லாஷா கியோ பியாங்கா’. சிறைப்பட்ட பெண், என்னை அழ விடுங்கள் என்று கேட்கிற பாட்டு. மெட்டு மிக எளிமை, ஸ்வரங்களுக்கு நடுவில் விடுகிற இடைவெளிதான் அழுகை. இதுவும் பழைய மெட்டுதான். 1705இல் ஹாம்பர்க்கில் நடனத்துக்காக எழுதியதை இத்தாலியில் ஒரு தடவை பாட்டாக்கி, லண்டனில் மறுபடி எடுத்தார். இதைக் கேட்கும்போது அமைப்பைக் கவனியுங்கள். முதல் பகுதி, அப்புறம் வேறு உணர்வில் இரண்டாம் பகுதி, அதற்குப் பிறகு முதல் பகுதிக்கே திரும்புவார்கள். திரும்பும்போது அப்படியே பாடக்கூடாது, பாடகர் தன் கற்பனையில் அலங்காரம் செய்து பாட வேண்டும். பல்லவிக்குத் திரும்பும்போதெல்லாம் சங்கதி மாறுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. உண்மையில், காகிதத்தில் இருப்பதுதான் முழுப் பாட்டு என்று நினைக்கிறவர்களைவிட நமக்கு இது சீக்கிரம் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, ‘சாடோக் தி பிரீஸ்ட்’, முன்னால் சொன்ன அந்தக் கால்பந்துப் பாட்டுக்கு மூலம். 1727இல் இரண்டாம் ஜார்ஜ் முடிசூட்டுக்கு எழுதியது, அன்றிலிருந்து 2023இல் சார்லஸ் முடிசூடியது வரை ஒன்றுவிடாமல் பாடப்பட்டுவருகிறது. தொடக்கத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வாத்தியங்கள் மட்டும் அலை அலையாக ஏறிக்கொண்டே இருக்கும், இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருக்க வைத்துவிட்டு, மொத்தக் குரலும் ஒரேயடியாக வந்து இறங்கும். சத்தமாக வைத்துக் கேட்க வேண்டும். மூன்றாவது, மெசையாவில் உங்களுக்குப் பிடித்த எதுவானாலும்.

பக்கத்து வீட்டில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இருந்தாராமே, நிஜமா?

நிஜம், ராக் கிட்டார் கலைஞர் ஹென்ட்ரிக்ஸேதான். 23ஆம் எண் வீட்டின் மேல்மாடியில் 1968–69இல் அவரும் அவருடைய காதலி கேத்தி எட்சிங்கமும் குடியிருந்தார்கள், வாரத்துக்கு 30 பவுண்டு வாடகை. பக்கத்தில் ஹாண்டல் இருந்தார் என்று தெரிந்ததும் ஹென்ட்ரிக்ஸ் மெசையா, ‘பெல்ஷாசர்’ இசைத்தட்டுகளை வாங்கிவந்து கேட்டார். இருவரும் குடிவந்ததற்கு நடுவில் 240 வருடத்துக்கு மேல் இடைவெளி, வீடுகளுக்கு நடுவில் ஒரு சுவர்தான். இருவருமே வெளியூரிலிருந்து வந்து லண்டனில் பெயர் எடுத்தவர்கள், இருவரும் வாடகைக்காரர்கள்.

ஹாண்டல் வீடு 2001 நவம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தது. இசை ஆய்வாளர் ஸ்டான்லி சேடி பல வருடம் விடாமல் முயன்றதன் பலன் அது. ஹென்ட்ரிக்ஸ் அறை 2016 பிப்ரவரியில் சேர்ந்தது. ஆனாலும் வீட்டின் தரைத்தளம் கடையாகவே இருந்தது, அதையும் கீழே சமையலறையையும் மீட்டுப் பழையபடி ஆக்கி, ஹாண்டல் ஹென்ட்ரிக்ஸ் இல்லம் என்ற பெயரில் 2023 மே மாதம் மறுபடி திறந்தார்கள். பெரிய ஆள் வீட்டில் எப்போதும் எழுதும் அறையைத்தான் காட்டுவார்கள், சமையலறையைக் காட்டியது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹாண்டல் சாப்பாட்டுப் பிரியர். சிநேகிதராக இருந்த கூப்பி என்ற ஓவியர் அவரைப் பன்றி முகத்தோடு ஆர்கன் வாசிப்பதுபோல வரைந்து ஊரெல்லாம் பரப்பினார். அது கொடுமை. சாப்பாட்டை ரசித்தது ஒரு குற்றமா?

குழந்தைகளுக்குப் பிடிக்குமா?

ஹென்ட்ரிக்ஸ் அறையும் சமையலறையும் பிடிக்கும். பாக்கி அறைகளில் நீங்கள் கதை சொன்னால் பிடிக்கும்.

அடிமை வியாபாரத்தில் அவர் பணம் போட்டிருந்தார் என்று படித்தேன்.

உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. 1720இல் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் பங்குகள் அவர் பெயரில் இருந்தன. சவுத் சீ கம்பெனியிலும் பணம் போட்டிருந்தார், அது ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்கர்களைப் பிடித்துக்கொண்டுபோய் விற்கும் உரிமை பெற்றிருந்த கம்பெனி. கம்பெனிகளின் பழைய கணக்கேடுகளில் அவர் பெயரை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அவருடைய ஓப்பராக்களுக்குப் பணம் கொடுத்த பிரபுக்களில் பலரும் இதே வழியில் சேர்த்தவர்கள். எல்லோரும் செய்தார்கள் என்று சொல்லி இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. மேஃபேரின் அழகான செங்கல் வரிசைகளைப் பார்க்கும்போது அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் கூடவே ஞாபகம் இருக்கட்டும். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு அள்ளிக் கொடுத்தவரும் இவரேதான், ஒன்று இன்னொன்றை அழிக்காது.

எந்தக் குழந்தைகள்?

தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், தெருவில் போடப்பட்ட சிசுக்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் பல வருடம் அலைந்து 1739இல் அரச சாசனம் வாங்கி ஆரம்பித்த இல்லம், ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல். 1749இல் ஹாண்டல் அதற்காக ஒரு கச்சேரி நடத்தினார். அடுத்த வருடம் அதன் ஆலயத்துக்கு ஓர் ஆர்கனைக் கொடுத்து மெசையாவை நடத்தினார். இடமில்லாமல் பலர் திரும்பிப்போக வேண்டியதாயிற்று, அதனால் இரண்டு வாரத்தில் மறுபடி நடத்தினார்கள். அதன் பிறகு வருடா வருடம் நடந்தது. உயிலில் மெசையாவின் முழுப் பிரதி ஒன்றை இல்லத்துக்கே எழுதிவைத்தார்.

இப்போது பிரன்ஸ்விக் சதுக்கத்தில் ஃபவுண்ட்லிங் அருங்காட்சியகமாக இருக்கிறது. மேல்தளத்தில் ஹாண்டலின் உயில் உட்பட ஒரு பெரிய சேகரிப்பு. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் காதருகே அவர் இசை கேட்கும். ஆனால் கீழே, பிள்ளையை விட்டுப்போன தாய்மார்கள் என்றாவது திரும்பி வந்து அடையாளம் சொல்ல வைத்துப்போன சின்னச் சின்னப் பொருட்கள் இருக்கின்றன. ஒரு துண்டுத் துணி, ஏதோ கீறிய ஒரு காசு. அவற்றைப் பார்த்துவிட்டு மேலே போய் மெசையா கேட்டுப் பாருங்கள். வீட்டைப் பார்த்த அன்றோ மறுநாளோ இங்கே போகாவிட்டால் ஹாண்டலை அரைவாசிதான் பார்த்தீர்கள் என்பேன்.

அவருக்குக் கண் போனது எப்போது?

1751 பிப்ரவரி 13. ‘ஜெஃப்தா’ என்ற பெரிய படைப்பை எழுதிக்கொண்டிருந்தார். இறைவா, உன் தீர்ப்புகள் எவ்வளவு இருண்டவை என்று வரும் கோரஸை எழுதும்போது இடது கண் மங்கி நிறுத்தவேண்டி வந்தது, அதை அந்தப் பக்கத்திலேயே ஜெர்மனில் குறித்திருக்கிறார். 40 வருடமாக இங்கிலாந்தில் இருந்தவர், அந்த நேரத்தில் கைக்கு வந்தது தாய்மொழிதான். பத்து நாள் கழித்து, தன் 66ஆவது பிறந்தநாளன்று, கொஞ்சம் பரவாயில்லை, மறுபடி ஆரம்பிக்கிறேன் என்று இன்னொரு குறிப்பு. படைப்பை முடித்துவிட்டார், பார்வைதான் திரும்பவில்லை. 1753 தொடக்கத்தில் முழுவதும் போய்விட்டது. பாக்கின் கண்ணில் கத்தி வைத்த ஜான் டெய்லர் என்ற ஊர்சுற்றி வைத்தியர்தான் பின்னால் இவருக்கும் வைத்தியம் பார்த்ததாகத் தானே எழுதிவைத்திருக்கிறார். இருவருக்குமே குணமாகவில்லை.

நகரத்தில் வேறு எங்கே அவரைப் பார்க்கலாம்?

வீட்டிலிருந்து சில நிமிட நடையில் ஹானோவர் சதுக்கத்துப் புனித ஜார்ஜ் தேவாலயம், அவர் தவறாமல் போன ஆலயம், லண்டன் ஹாண்டல் விழாவுக்கும் அதுதான் தாய்வீடு. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ரூபிலியாக் 1738இல் செதுக்கிய ஹாண்டல் சிலை இருக்கிறது. வாக்ஸ்ஹால் பூங்காவில் மக்கள் உலாவும் இடத்தில் வைக்கச் செய்தது, அதனால் விறைப்பாக நிற்காமல் தொப்பியும் தளர்ந்த அங்கியும் போட்டு, ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். உயிரோடு இருக்கும்போதே இசைக்காரர் ஒருவருக்குப் பொது இடத்தில் அப்படிச் சிலை வைத்தது அந்த ஊர். அதே சிற்பி செய்த இன்னொரு உருவம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், கல்லறைக்கு மேலே. கிரீன் பார்க்கில் பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் புல்தான். ஆனால் 1749 ஏப்ரல் 27இல் அங்கேதான் வாணவேடிக்கைக்காக அவர் எழுதிய இசை வாசிக்கப்பட்டது, வேடிக்கைக்குக் கட்டிய மண்டபத்தின் ஒரு பக்கம் தீப்பிடித்தும் எரிந்தது.

பிறந்த ஊரான ஹாலேயில் இருக்கும் அருங்காட்சியகம் இதைவிடப் பெரிதாமே?

ஆமாம், பெரிது, 1948இலிருந்து இருக்கிறது, பழைய வாத்தியங்களுக்காகவே போகலாம். ஜெர்மனி போகிறவர்கள் விடாதீர்கள். இருந்தாலும் பிறந்த வீடு வேறு, வேலை செய்த வீடு வேறு.

எவ்வளவு நேரம் ஆகும், எப்போது போகலாம்?

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லா நாளும் திறப்பதில்லை, ஆகவே கிளம்புமுன் அவர்கள் இணையதளத்தில் நாளையும் கட்டணத்தையும் பார்த்துவிடுங்கள், கச்சேரி இருக்கிற நாளாகப் பார்த்தால் இன்னும் நல்லது. ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் துணி வாங்கப் போகிறவர்களைப் பாதி வழியில் திருப்பிவிடலாம், பாண்ட் ஸ்ட்ரீட் நிலையம் பக்கம்தான்.

கடைசியாக எந்த அறைக்குப் போவது?

இரண்டாம் மாடி, தெருவைப் பார்த்த படுக்கையறை. 1759 ஏப்ரல் 6 அன்று பார்வையில்லாமல், உடம்புக்கு முடியாமல், கோவன்ட் கார்டன் அரங்குக்குப் போய் மெசையாவைக் கேட்டுவிட்டு இங்கே வந்து படுத்தார். 14ஆம் தேதி சனிக்கிழமை காலை, ஈஸ்டருக்கு முதல் நாள், இந்த அறையில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் அடக்கம் செய்தபோது சுமார் 3000 பேர் கூடியிருந்தார்கள். ஜன்னலோரம் கொஞ்சம் நில்லுங்கள், கீழே புரூக் தெருவில் வண்டிகள் போகிற சத்தம் நன்றாகக் கேட்கும்.